செல்லபாய் கிணறு

மே 4, சனி

என் தங்கச்சி மகள் சுஜி டீச்சர், லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனிதோறும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். வழிகாட்டி யார்? இந்த நேசமணிதான், வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாங்கிளாஸ் தாண்டாதவன், ஆனால் இந்த ஊர்க் கல்லெல்லாம் என்னிடம் பேசும். பங்களாவில் பேய், சந்தையில் புதையல் என்று அடித்துவிட்டேன். செல்லபாய் ஒற்றைப் பொம்பளையாக நடத்தும் சாயாக்கடைக்கு வந்தபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டன. விடுவேனா? "காலரா வந்த வருஷம் நாப்பது பொணத்த இந்தக் கடைக் கிணத்துலதான் போட்டானுவ" என்றேன். கொட்டாவி நின்றது. பிள்ளைகளில் பிரீனா என்பவள், தான் வரைந்துகொண்டிருந்த ஊர் வரைபடத்தில் கிணற்றின்மேல் மண்டையோடு போட்டாள்.

மே 9

வரைபடத்தைச் சபை மண்டபத்தில் ஊரே பார்க்க ஒட்டியிருக்கிறார்கள். கீழே 'தகவல்: நேசமணி மாமா'. போட்டோ எடுத்து துபாயில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரைக்கும் அனுப்பினேன்.

மே 13

சாயாக்கடையில் பெஞ்செல்லாம் காலி. பழம்பொரி ஆறிக் கிடந்தது.

"அண்ணே, எனக்க கிணத்துல செத்தது ஆரு? ஒரு பேரு சொல்லும்."

"அது... கேள்விப்பட்டது, செல்லபாய்."

"ஆருகிட்ட?"

பேச்சை மாற்ற ஒரு சாயா கேட்டேன்.

"வேண்டாம். எனக்க கிணத்து வெள்ளம் குடிக்கக் கொள்ளாதுல்லா."

மே 15

சரிக்கட்டிவிடலாம் என்று பார்பர் ஷாப்புக்குப் போய், அந்தக் கிணற்றை ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஜெபம் பண்ணிச் சுத்தமாக்கினார், குடித்தால் மூட்டுவலி போகும் என்று சொன்னேன். சாயங்காலமே கிணற்றுக்குக் கேனோடு ஆள் வந்துவிட்டது. செல்லபாய் என்னைக் கூப்பிட்டாள்.

"வெள்ளம் கோரிட்டுப் போறானுவ, சாயா குடிக்க ஒருத்தனும் இல்ல. மாசம் முடிஞ்சா கடையப் பூட்டிட்டு பேச்சிப்பாறைக்கு மக வீட்டுக்குப் போறேன். மருமகன் சோத்துல கெடக்கணும்னு எனக்க தலையில எழுதியிருக்கு. இனி ஒரு கதையும் விடாதயும் அண்ணே, கும்பிடுதேன்."

வைதிருக்கலாம். கும்பிட்டுவிட்டாள்.

மே 17

சுஜியிடம் உண்மையைச் சொல்லப் போனேன். சொல்லாமல் வந்தேன். பிள்ளைகள் முன்னால் என் மதிப்பு என்னாகும்?

மதிப்பாம் மதிப்பு. லே நேசமணி, அவளுக்குக் கடையே போகுதுலே.

மே 18, சனி

கடை வாசலில் பிள்ளைகளை நிறுத்தினேன். கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர் கேட்டேன். செல்லபாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோரிக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

"மாமா, அந்த நாப்பது பேரு?" என்றாள் பிரீனா.

"ஆரும் சாகல மக்கா. நீங்க கொட்டாவி விட்டீங்க, நான் சொன்னேன்."

"அப்ப பங்களாப் பேய்?"

"அதுவுந்தான்."

"சந்தைப் புதையல்?"

"அதுவும்."

சுஜி தரையைப் பார்த்தாள். பிரீனா நேரே செல்லபாயிடம் போய், "அத்தே, இந்தக் கிணறு ஆரு வெட்டினது?" என்று கேட்டாள்.

"எனக்க மாமனாரு. கூடவே நானும் மண்ணு சொமந்தேன்."

பிரீனா எழுதிக்கொண்டாள். அடுத்த கேள்வியும் செல்லபாயிடமேதான்.

ஜூன் 1, சனி

பழைய வரைபடத்தைக் கிழித்துப் புதிதாக ஒட்டிவிட்டார்கள். செல்லபாய் பேச்சிப்பாறைக்குப் போகவில்லை. கடையில் பாதி பெஞ்சு நிறைந்திருந்தது; மீதி இன்னும் காலிதான்.

இன்றைக்குக் கால்வாய் ஓரம், சானல்கரையில், தொண்ணூற்றிரண்டாம் வருஷ வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் ஒரு வீட்டுச் சுவரில் தொட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இது என் கண்ணால் பார்த்தது. சத்தியமாக.

"சரி மாமா" என்றாள் பிரீனா. பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, வெளியே வந்தவரிடம் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறியதா என்று கேட்டாள்.

நான் சுவரிலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.