மூக்கு வரைக்கும் அச்சான போஸ்டர்

சிஜி அக்கா,

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. ஆணியில் கிடந்த அப்பா சட்டையிலிருந்த கடைச் சாவி இப்போது சர்க்கரை டப்பாவில் குடியிருக்கிறது. அப்பா ஐந்தரைக்குத்தான் வருவார்.

பொழியூர் சிலுவைதாசன் மாமா மூன்று மணிக்குத் திருவிழா பேனருக்கு வருவார். அதற்குள் நீ கடைக்குப் போய்ப் பெரிய பிரிண்டரைச் சரியாக்க வேண்டும். அன்றைக்கு விழுந்த இடியில் அது சாகவில்லை, சோதனைத் தாள் ஒழுங்காக அடிக்கிறது. கம்ப்யூட்டரோடுதான் பேச்சில்லை, நீயும் அப்பாவும் மாதிரி. கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஹப் பெட்டியில் மூன்றாவது துளை கருகிவிட்டது. பிரிண்டர் கேபிளை ஐந்தாவதில் குத்து, பச்சை விளக்கு எரியும். பிரிண்டரின் நெட்வொர்க் எண்ணும் அழிந்து பூஜ்யமாகிவிட்டது. பழைய எண் கடைக் காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கிறது. அதைப் பிரிண்டரில் போட்டு, ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கு.

"பிளக்க ஊராம எங்கட்டி போன? இனி நீ கடையில கேறாண்டாம்" என்று அப்பா உன்னைப் பார்த்துக் கத்தியபோது நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மூன்று நாளாகியும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ரெஜி

பின்குறிப்பு: நீ பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நெய்யாற்றின்கரைக்குப் போனாய். திரும்பக் குத்தினது நானாக்கும். என் காலேஜ் தேர்தல் போஸ்டர் பாதி அடித்திருந்தது, இடி கேட்டும் நிறுத்தவில்லை.

அந்தப் பாதிப் போஸ்டரை அப்பா நாற்காலியில் விரித்திருக்கிறேன். மேல் ஓரத்தில் அன்றைய தேதியும் நேரமும் விழுந்திருக்கின்றன. என் முகம் மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கிறது, வாய் இல்லை. ஆறு மணி பஸ்ஸில் வந்து மீதியை நானே அப்பாவிடம் சொல்கிறேன்.