இளஞ்சூட்டுக்கு எந்த எழுத்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். சயின்ஸ் ரெக்கார்டு பாக்கி.

அம்மாவின் மகளிர் குழு ஆஸ்பத்திரி எதிரில் கஞ்சிக் கடை திறக்கப் போகிறது. பெயர் 'இளஞ்சூடு'. பலகை, ஏப்ரன், டப்பா ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு வேண்டுமாம். தலைவி விஜயா அக்காவுக்கு டூரிஸ்ட்டுகள் போகும் ஒயிட் டவுன் காபிக் கடை போல சுழி சுழியாக ஆசை. அம்மா குறுக்கே புகுந்தாள்: "எம் பொண்ணு அவ்ளோ புக்கு படிக்கிறா. அவ பாத்து சொல்லட்டும்." ஆறு பேர் முன்னால்! என்னைக் கேட்கவே இல்லை. பெருமை. பயமும்.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டு ஃப்ளெக்ஸ் கடை. கடைக்கார அண்ணன் நாற்பது எழுத்துரு காட்டினார். முதலில் எல்லாம் ஒன்றுபோல. பிறகு எதுவுமே ஒன்றுபோல இல்லை. 'இளஞ்சூடு கஞ்சிக் கடை' என்று நான்கு எழுத்துருவில் பெரிய தாளில் அடித்து வாங்கினேன்.

1. சுழி. எந்த எழுத்து எங்கே முடிகிறது?
2. தடி. கட்சி மாநாடு.
3. மெலிந்து, நிமிர்ந்து. 'சூ'வின் வால் அவ்வளவு அடக்கம். நூலகப் புத்தகம் மாதிரி.
4. குண்டு, மொட்டை. பஸ் போர்டு.

மூன்றுதான். சந்தேகமே இல்லை. விஜயா அக்காகூட, "டீசன்ட்டா இருக்குடி" என்றார்.

மிளகாய்த்தூள் வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மூன்றாவது தாளைக் கடை ஷட்டரில் ஒட்டிப் பார்த்தோம். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா? எப்ப எடுக்கறாங்க?"

"எதை?" என்றேன். மக்கு.

அவர் கிட்டே வந்து படித்தார். "அட, கஞ்சியா! தூரத்துலேர்ந்து பாத்தா கண்ணீர் அஞ்சலி மாறியே இருக்கு."

விஜயா அக்கா: "ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இது வேறயா! புக்கு படிக்கிற பொண்ணாம்." அம்மா தாளை உரித்துச் சுருட்டினாள்.

நேரே ஃப்ளெக்ஸ் கடை. அண்ணன் சிரித்தார். "ஆமா பாப்பா, அன்னைக்கு ஒரு அஞ்சலி பேனர் அடிச்சேன். அதே ஃபைல்ல போட்டோவத் தூக்கிட்டு உங்க கடை பேரப் போட்டேன். இன்னா இப்ப, எழுத்துக்குள்ள பொணமா இருக்கு?"

அதானே. எழுத்து என்ன செய்யும்? ஆனால் வரும் வழியில் சிக்னலில் மூன்று அஞ்சலி பேனர். மூன்றிலும் அதே 'ஞ்'. தினமும் இதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். பார்க்கவே இல்லையா? இல்லை, பார்த்துப் பார்த்துத்தான் பிடித்துப்போனதா?

ஜூலை 11, வெள்ளி

கணக்குத் தேர்வு சுமார். மழை வருவதுபோல் வந்து வரவில்லை.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரே முடிவு செய்யட்டும் என்கிறார் வி. அக்கா. அம்மா விடவில்லை. "தப்பா சொன்னவளே சரியா சொல்லட்டும்க்கா. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடு." என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

1, 2, 4. பட்டியல் போட்டேன். அடித்தேன். மறுபடி போட்டேன்.

ஜூலை 12, சனி

எட்டு மணிக்கே போய் மீதி மூன்று தாளையும் ஷட்டரில் ஒட்டினேன். சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுடன் வந்தவர்கள் நடுவில் நின்று பார்த்தேன். 1, கொசுவர்த்தி. 2, யாரையோ திட்டுகிறது. 4 மட்டும்தான் படிக்க முடிந்தது. அழகில்லை. அழகு என்றால் என்னவென்றே இப்போது தெரியவில்லை.

பக்கத்தில் ஃபிளாஸ்க்குடன் ஒரு அம்மா. கண்ணைச் சுருக்கி நான்காவது தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கஞ்சிக் கடையா! தொறந்துட்டாங்களா பாப்பா? வீட்டுக்காரருக்கு கஞ்சிதான் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"திங்கக்கெழமைதான்."

"அதுவரைக்கும் இங்கதான் இருப்போம்" என்றார்.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "நாலு."

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"இல்லம்மா."

அம்மா விஜயா அக்காவிடம் சொல்வது கேட்டது: "நாலாம்க்கா. அடிக்கச் சொல்லு."