அடங்காத ஒயின்

தோ பாயோ,
சிங்கப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி அழகேசனுக்கு,

அக்கா உமாமகேஸ்வரி எழுதுகிறேன். நான் இங்கே நலம். உன் நலம் கேட்க எத்தனை முறை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. அதனால் இதைப் பக்கத்து வீட்டு அப்துல் முத்தலிப் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை ஊருக்கு வருகிறார். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிழித்துப் போடுவதற்கு முன் கடைசிவரை படித்துவிடு.

லிட்டில் இந்தியாவில் ராஜீவின் உணவகத்தில் நடந்ததை ராஜீவே சொல்லச் சொல்ல நீ பாதியிலேயே போனை வைத்துவிட்டாயாம். மீதியை நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல கூட்டம். நம் தோட்டத்துப் பழைய திராட்சைக் கொடிகளின் படத்தை மேசைக்கு மேசை வைத்திருந்தார். பரிமாறுகிற அன்னம்மா பெட்டியிலிருந்து நீ அனுப்பிய ஒயின் பாட்டில் ஒன்றைத் தூக்கினாள். மூடியைத் தொடக்கூட இல்லை, கையிலேயே வெடித்துவிட்டது. கண்ணாடிச் சில்லு இடது கண்ணில் பாய்ந்தது. நான் அங்கேதான் நின்றிருந்தேன். தரையில் எது ஒயின், எது ரத்தம் என்று தெரியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பார்வை திரும்புமா என்று கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

"கடைக்காரன் வெக்கையில வச்சிருப்பான், அப்படியே சொல்லிடுக்கா" என்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பெட்டிகள் வந்ததிலிருந்து ஏசி அறையில்தான் இருந்தன, அழகேசா. நானே கூட நின்று அடுக்கினேன்.

நேற்று உன் மனைவி சக்தியை அழைத்துக் கேட்டேன். "இன்னும் நுரைச்சுக்கிட்டுதான் இருந்துச்சு மதினி. அடங்கட்டும்னு சொன்னேன். கப்பல் போயிடும்னு அவர் பாட்டில்ல அடைச்சிட்டாரு" என்று அழுதாள். அவளைத் திட்டாதே. நுரைப்பை நிறுத்த மருந்து கலக்க மாட்டோம் என்று சொல்லித்தானே விற்கிறோம்? அப்படியென்றால் சர்க்கரை முழுக்கப் புளித்து அடங்குகிறவரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜீவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "உங்கள நம்பித்தானேக்கா வாங்கி வச்சேன்? இனி ஒரு பாட்டிலும் இங்க இருக்கக்கூடாதுலா" என்று கத்தினார். பிறகு அவரே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். உன்னிடமும் விசாரிப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல். கொடைக்கானல் ஓட்டலுக்கும் நானே போன் செய்து, நீ அனுப்பிய பெட்டிகளைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்று. சக்தி உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். அவள் ரக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனது நான் சொல்லித்தான். பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிய அறையில்தானே அதே பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறாய்? ராத்திரியில் அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது என்று குழந்தை சொன்னாளாம். அதைக் கேட்டதும்தான் உடனே கிளம்பச் சொன்னேன்.

இப்போது நீ அந்த அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தோட்டத்து ஆட்கள் சொல்கிறார்கள். கூப்பிட்டாலும் பதில் இல்லையாம். என்ன நினைத்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. வேண்டாம் தம்பி. எழுந்து வெளியே வா. எதையும் தொடாதே, அறையை வெளியிலிருந்து பூட்டு. மற்றதைத் தெரிந்தவர்களை வைத்து, முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலை அன்னம்மாவைப் பார்க்கப் போனேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "இத செஞ்சவரு வீட்லயும் பாட்டில் இருக்குமேக்கா? அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டாள், அவ்வளவுதான்.

நீ ஒருமுறை இங்கே வர வேண்டும். அவள் முன்னால் நீ நிற்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன். தோட்டம் போனாலும் சரி, பெயர் போனாலும் சரி. கண்ணோடும் கையோடும் நீ நன்றாக இரு, என் தங்கமே.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அக்கா
உமாமகேஸ்வரி