மூன்று அறிக்கைகளையும் கூட்டிப் பார்க்க வேண்டி

அனுப்புநர்:
ஈ. ஆர்த்தி (வயது 16), பிளஸ் ஒன் மாணவி,
த/பெ ஈஸ்வரன்,
லயம் எண் 7, மேல் டிவிஷன்,
நீலக்கொம்பு எஸ்டேட், ஏலப்பாறை வழி,
இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம், பைனாவு.

பொருள்: எங்கள் லயத்து ஊற்றுநீர், தண்ணீர் டிரம், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஆகியவற்றில் உள்ள இரசாயனங்கள் தனித்தனியே வரம்புக்குள் இருப்பதாகக் கூறி மூடப்பட்ட கோப்பைத் திறந்து, மூன்றும் ஒரே உடலில் சேர்வதன் ஆபத்தை மதிப்பிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மூன்று அலுவலகங்களின் 9.8.2024, 2.9.2024, 27.9.2024 தேதியிட்ட அறிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்பா மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாக இருப்பதால் இந்த மனுவை நான் எழுதுகிறேன். தமிழில் மனு கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று பள்ளி நூலகத்தில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் அம்மா மூக்கம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஜூன் மாதம் அவருடைய கண்கள் மஞ்சளாயின. இப்போது கோட்டயத்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். கல்லீரலில் பெரும்பகுதி கெட்டுவிட்டது. குடிப்பழக்கம் உண்டா என்று மூன்று டாக்டர்கள் கேட்டார்கள். இல்லை. கிருமித் தொற்றும் இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் டிவிஷனில் இரண்டு வருடத்தில் இப்படி ஆனவர்கள் அம்மாவோடு நான்கு பேர். அடுத்த லயத்து சங்கையா மாமா தை மாதம் இறந்துவிட்டார்.

2. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே முன்பு எஸ்டேட்டின் மருந்து ஸ்டோர் இருந்தது. அதை இடித்தபோது, அரசு தடை செய்த பழைய பூச்சிமருந்து மூட்டைகளைக் குழி தோண்டி அங்கேயே புதைத்தார்கள். குழிக்கு நேர் கீழேதான் நாங்கள் குடித்த ஊற்று.

3. எஸ்டேட் ஆண்டு விழாவில், அந்த வருடம் அதிகம் கொழுந்து பறித்தவருக்கு மூடியுள்ள நீல டிரம் ஒன்று பரிசு. பேக்கிங் ஷெட்டில் காகிதப் பைகளில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு பூசுவார்கள். அந்தப் பூச்சு வந்த டிரம்தான் அது. அம்மா தொடர்ந்து மூன்று வருடம் பரிசு வாங்கினார். குடிதண்ணீர் பிடித்து வைக்க மூன்று டிரம்களும் எங்கள் வாசலில் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு கோமதி அத்தைக்கு அதில் வருத்தம். "ஒரு டிரம்மையாவது எனக்கு விட்டுக்குடுக்கக் கூடாதா மதினி" என்று கேட்பார். அவருக்கு ஒரு முறையும் கிடைக்கவில்லை. அவர் இன்று நன்றாக இருக்கிறார்.

4. ஃபேக்டரியின் பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றியபோது வடித்த எண்ணெயை லயத்துப் பெண்கள் பாட்டில்களில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். முழங்கால் வலிக்கு அது நல்லது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். சரிவில் ஏறி இறங்கும் அம்மா தினமும் வேலை முடிந்து வந்து தேய்ப்பார். "முழங்கால்ல கரண்டு ஏத்திட்டு வருது இந்த மூக்கம்மா, யாரு பிடிக்க முடியும்" என்று சூப்பர்வைசர் பொன்ராஜ் மாமா கேலி செய்வார். யாரும் தடுத்ததில்லை.

5. இந்தப் பத்தியைத் தயவுசெய்து கோப்பில் சேர்க்க வேண்டும். தண்ணீரை மூடி வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அம்மா நிழலில் வைத்திருந்த டிரம்களை நான்தான் வெயிலுக்கு நகர்த்தச் சொன்னேன். கோடையில் தண்ணீர் கைபொறுக்காத சூடாக இருக்கும். கிருமி செத்திருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். டிரம்மின் உள்ளே ஒட்டியிருக்கும் பூச்சு சூட்டில் அதிகம் கரையும் என்பதை இந்த ஆகஸ்டில்தான் தெரிந்துகொண்டேன். சோதனைக்குத் தண்ணீர் எடுத்தது ஜூலை மாத மழையில், டிரம்கள் குளிர்ந்து கிடந்தபோது. அதனால் அறிக்கையில் உள்ள அளவு எங்கள் கோடைக்கால அளவு அல்ல. என் தவறை மறைத்தால் கணக்கு தப்பாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

6. அறிக்கைகளின்படி, ஒரு நாளில் உடல் தாங்கக்கூடிய அளவை நூறு என்று வைத்தால், ஊற்றுநீரிலிருந்து அம்மாவுக்குச் சேர்ந்தது எழுபது. டிரம்மிலிருந்து அறுபது. எண்ணெயிலிருந்து எண்பது. ஒவ்வொரு அறிக்கையின் கடைசி வரியும் "வரம்புக்குள் உள்ளது" என்பதே. மூன்றாவது அறிக்கை வந்த மறுவாரம் கோப்பை மூடிவிட்டார்கள்.

7. அறிக்கைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. நான் கோட்டயம் போய் அம்மாவின் கட்டிலருகே ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மூணையும் கூட்டுனா எம்புட்டு?" என்றார். நான் அறிக்கைகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். "நூத்துக்கு நூறு வாங்குற பிள்ள, இதக் கூட்டத் தெரியலையா" என்று சிரித்தார். இருநூற்றுப் பத்து என்று எனக்குத் தெரியும்.

8. அம்மா அப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. எஸ்டேட்டில் கொழுந்தை ஒரு நாளில் மூன்று முறை நிறுப்பார்கள். காலை நிறுவையை மட்டும் பார்த்து யாரும் நாள் கணக்கை முடிப்பதில்லை. மூன்றையும் கூட்டிய பிறகே அளவு எட்டியதா இல்லையா என்று சொல்வார்கள். அம்மா பறித்த இலைக்குச் செய்ததை அம்மாவின் உடம்புக்கு மூன்று அலுவலகங்களில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

9. எல்லா நச்சுகளையும் இப்படிக் கூட்டிவிட முடியாது என்பதை அறிவேன். எங்கள் வேதியியல் ஆசிரியை ஜின்சி டீச்சரிடம் கேட்டேன். ஒரே உறுப்பைக் கெடுக்கும் பொருள்கள் என்றால் முதற்கட்டமாகக் கூட்டிப் பார்ப்பது அறிவியலில் உள்ள முறைதான் என்றார். மூன்று அறிக்கைகளிலும் "பாதிக்கக்கூடிய உறுப்பு" என்ற இடத்தில் கல்லீரல் என்றே இருக்கிறது. இவை எளிதில் சிதையாதவை, உடம்பை விட்டுப் போக வருடங்கள் ஆகும் என்றும் அவற்றிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் இன்று நிறுத்தினாலும் சேர்ந்தது அப்படியேதான் இருக்கும். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பாடத்தில் மனம் செல்வதில்லை.

10. கோப்பு மூடப்பட்டதால், சோதனை தொடங்கியபோது ஊற்றுக் குழாயை அடைத்துவிட்டு விட்ட டேங்கர் தண்ணீர் நவம்பர் 1 முதல் நிற்கும், ஊற்றுக் குழாய் திறக்கப்படும் என்று வருகைப் பதிவு எடுக்கும் மஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே வாரம் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். குணமாகி அல்ல. இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று. அவருக்கும், எட்டு வயதான என் தங்கை மௌனிகாவுக்கும், மற்ற நாற்பத்தைந்து வீடுகளுக்கும் அந்தக் குழாய்தான்.

ஆகவே, ஊற்றுக் குழாயைத் திறக்காமல் டேங்கர் தண்ணீரைத் தொடர உத்தரவிடவும், குழியையும் டிரம்களையும் மீதி எண்ணெயையும் அப்புறப்படுத்தவும், நாற்பத்தாறு வீட்டாரின் இரத்தத்தையும் சோதித்து மூன்று பொருள்களின் ஆபத்தையும் ஒரே அறிக்கையாக மதிப்பிடவும் வேண்டுகிறேன்.

இதனால் அம்மா பிழைப்பார் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவும் நினைக்கவில்லை. ஆனால் அம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பள்ளிப்பிள்ளை போட்ட கூட்டலாக இல்லாமல், கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு பதிலை, அவர் கேட்கும் நிலையில் இருக்கும்போதே நான் வாசித்துக் காட்ட வேண்டும். டாக்டர் சொன்ன நாட்கள் குறைவு. அதற்குள் எழுதுங்கள் ஐயா.

இடம்: ஏலப்பாறை
நாள்: 23.10.2024

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஈ. ஆர்த்தி

இணைப்பு:
1. மூன்று அறிக்கைகளின் நகல்கள்.
2. ஊற்று, குழி, லயங்கள் இருக்கும் இடத்தை நான் வரைந்த படம்.
3. அம்மா கடைசியாக வேலைக்குப் போன நாளின் நிறுவைச் சீட்டு. காலை 9, மதியம் 11, மாலை 6, மொத்தம் 26 கிலோ. கூட்டும் முறைக்கு மாதிரியாக இணைத்துள்ளேன். வீட்டில் இது ஒன்றுதான் இருக்கிறது. பார்த்த பிறகு தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.