வைமாரில் ஒரு பகல் தூக்கம்

இன்று பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறி, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. உள்ளே உன் கம்பளிக் கோட்டு. நீ கண்ணை மூடிய பிறகு பாரிஸுக்குத் திரும்பிய உன் மகன், "இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி, யாராவது கேப்பாங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். புதுச்சேரி வெயிலில் கோட்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நம் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளின் கோட்டுகள் எவையும் சொந்த வீட்டில் தங்கியதில்லை. யார் ஐரோப்பாவுக்குக் கிளம்பினாலும் இரவல் போகும். திரும்பி வரும்போது அதன் பையில் யாருடைய பஸ் டிக்கெட்டோ இருக்கும்.

இந்த முறை கேட்டு வந்தவள் என் அண்ணன் மகள் சுகந்தி. அவள் கணவனுக்கு ஜெர்மனியில் எர்ஃபர்ட் என்ற ஊரில் வேலை. "பக்கத்துலதான் வைமார் இருக்காம் அத்த. நீங்களும் அவங்களும் போனீங்களே. எப்படிப் போறது, இன்னா பாக்கறது, எல்லாத்தயும் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு வழி சொல்லச் சொல்ல எனக்குள் உன் குரல்தான் கேட்டது. அவள் போனதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எர்ஃபர்ட்டிலிருந்து கொஞ்ச நேரம்தான், சின்ன ரயில் போகும் என்றேன். நாம் பாரிஸில் உன் மகன் வீட்டிலிருந்து கிளம்பி, ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு தடவை, எர்ஃபர்ட்டில் ஒரு தடவை ரயில் மாறிப் போனோம். ஃபிராங்ஃபர்ட்டில் பிளாட்பாரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். நீ முன்னால் ஓட, நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஏறி உட்கார்ந்ததும், "நீ மட்டும் தனியா வந்திருந்தா இந்நேரம் போலந்துல இருப்ப" என்றாய். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

சக்கரப் பெட்டி கொண்டுபோகாதே, தெருவெல்லாம் கல் பாவியது, தோளில் மாட்டும் பைதான் நல்லது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வை. திங்கட்கிழமை மியூசியம் எல்லாம் பூட்டியிருக்கும். நாம் போய் இறங்கியதே திங்கட்கிழமை! நாடக அரங்குக்கு முன்னால் இரண்டு கவிஞர்கள் ஒரே மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிலையைத்தான் அன்று பார்க்க முடிந்தது. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மாலதான் வாங்கியிருக்காங்க, கஞ்சப்பசங்க" என்று நீ சொன்னாய். மலைமேல் இருக்கும் நாஜி முகாமுக்குப் பஸ் போகும், போனால் அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன். நாம் செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்து, ராத்திரிச் சாப்பாடுகூட வேண்டாம் என்று படுத்துவிட்டோம்.

மிச்சம் இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். நீ வைமாருக்கு வந்ததே அந்தப் பழைய நூலகத்துக்காக.

நீ வேலை பார்த்த நூலகத்தில் ஒரு புயலுக்குக் கூரை ஒழுகி, பிரெஞ்சுப் புத்தகங்கள் நனைந்து ஊறிப்போன கதையை மறக்க முடியுமா? வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனாய். மொட்டைமாடியில் கொடி கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி புத்தகங்களைத் தொங்கவிட்டாய். மின்துறை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்து பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் வைத்தேன். அப்படியும் பாதி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. அன்று நீ அழுததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் படப்புத்தகம் ஒன்றில் வைமார் நூலகத்தைப் பார்த்தாய். "தீப்புடிச்சு, தண்ணி அடிச்சு, எல்லாம் நாசமா போயிருக்கு. ஊறின புஸ்தகத்த ஐஸ்ல உறைய வெச்சுக் காய வெச்சிருக்காங்கடி! திருப்பி அடுக்கிட்டாங்க. அத நான் கண்ணால பாக்கணும்" என்றாய். அந்தப் படத்தை எனக்கு எத்தனை முறை காட்டினாய் என்று கணக்கே இல்லை.

அப்படிப்பட்டவள் புதன்கிழமை காலையிலேயே அங்கே போயிருக்க வேண்டாமா? "பாயசத்த முதல்லயே குடிப்பாங்களா? அது கடைசில" என்று சொல்லி, கவிஞர் வீட்டையும் சந்தையையும் சுற்ற வைத்தாய். மத்தியானம் உருளைக்கிழங்கில் செய்த பெரிய உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ், கறிக்குழம்பு. ஆளுக்கு இரண்டு உருண்டை உள்ளே போனதும் கண் சொருகியது. எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். இப்போதே போய்விடலாமா என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு எவன்டி தொறந்து வெச்சிருப்பான்? சாப்புட்டுப் படுத்திருப்பாங்க. நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. நீயும் படு" என்றாய்.

புதுச்சேரிக்காரி வேறெப்படிச் சொல்வாள்? பிறந்ததிலிருந்து மத்தியானம் ஷட்டர் இறங்கி, நாலு மணிக்கு மேல் ஏறுகிற ஊரில் வளர்ந்தோம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பி, ஹோட்டல் அறையில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கினோம்.

எழுந்து, முகம் கழுவி, நீ பவுடர் போட்டுக்கொண்டு, நல்ல ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனோம். நவம்பர் மாதம், அதற்குள் இருட்டு கட்டிவிட்டது. அந்த நூலக மண்டபத்தின் பார்வை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. வாசலில் ஒரு அம்மாள் சாவிக்கொத்தோடு நின்று, நாளைக்கு வாருங்கள் என்று கையால் காட்டினாள். நீ பிரெஞ்சில் கெஞ்சினாய். அவள் ஜெர்மனில் வருத்தப்பட்டாள். அவ்வளவுதான்.

நாளைக்கு ஏது? மறுநாள் காலை ரயில், அதற்கடுத்த நாள் பாரிஸிலிருந்து என் விமானம். என் விசாவும் அத்தோடு தீர்ந்தது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது உன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். பாகூரில் நெல் போட்ட என் குடும்பம் இந்தியக் குடியுரிமையோடு நின்றுவிட்டது. நெல்லித்தோப்பில் அடுத்தடுத்த வீட்டில் இருந்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இழுத்தபோது தெரியாத அந்த வித்தியாசம் அந்த வாசற்படியில்தான் எனக்கு உறைத்தது. நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் போயாக வேண்டும்.

"நீ இருந்து பாத்துட்டு வா. நான் தனியா போய்க்கறேன்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். நீ படியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்தாய். "உன்ன ஃபிராங்ஃபர்ட்டுல தொலச்சுட்டு நான் இங்க இன்னாத்தப் பாக்கறது? வா, போலாம். தீயிலயே போவாதது, இன்னொரு வருஷத்துல எங்க போயிடும்" என்றாய். அந்தக் குளிரில் எனக்கு அழுகை வந்தது. நீ என்னைப் பார்க்காத மாதிரி நடந்தாய்.

நாம் ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஆளாளுக்கு உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். லைப்ரரி எப்படி என்று ஒருத்தி கேட்டாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாய். உள்ளே போகுமுன் ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்ட வேண்டுமாம். மண்டபம் வெள்ளையும் தங்கமுமாம். மாடிவரை புத்தகமாம். எல்லாம் அந்தப் படப்புத்தகத்தில் படித்தது! வீட்டுக்கு வரும் வழியில் ஏன் இப்படி அளந்தாய் என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்ல? இவ விசாவாலதான் பாக்காம வந்துட்டான்னு ஊர் பூரா பேசும். பேசினா உன் மூஞ்சி சுருங்கும். எனக்கு அதெல்லாம் வேணாம் மா ஷேர்" என்றாய். அன்பாக இருந்தால் மட்டும்தான் உனக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தை வாயில் வரும்.

அடுத்த வருஷம் போகலாம் என்றாய். முழங்கால் வலி வந்தது. பிறகு அந்த நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம்கூட அந்த மண்டபத்தை விவரித்தாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, நீ எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டாயோ என்று தோன்றியது.

இன்று சுகந்தியும் கடைசியில் அதைத்தான் கேட்டாள். "அந்த லைப்ரரி எப்படி அத்த இருக்கும்? அவங்க சொல்றப்பல்லாம் எனக்கும் பாக்கணும்னு ஆசையா இருக்கும்."

இனி உண்மையைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. என் மூஞ்சி சுருங்குமே என்று கவலைப்பட இங்கே யாரும் இல்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நீ எனக்காகச் சொன்ன பொய் இது, பொய் என்று என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதது. அதைப் போட்டு உடைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பளிச் செருப்பு, வெள்ளை, தங்கம், மாடிவரை புத்தகம் என்று உன் வார்த்தைகளை வரிசை மாறாமல் சொன்னேன். காலையிலேயே போய்விடு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிடாதே என்று மட்டும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் நல்லா சுத்திப் பாத்தீங்களா?" என்றாள்.

"ஆற அமரப் பாத்தோம்" என்றேன். "அவளுக்குத்தான் வெளிய வரவே மனசு வரல."