ஊசிமுனை கிரீஸ்

நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறோம். பெட்டியை நிறுக்க நேற்று அலமாரியிலிருந்து கைத்தராசை எடுத்தேன். அதன் கொக்கியில் நீ கட்டிவிட்ட நைலான் வளையம் கிரீஸ் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. மோந்து பார்த்தேன். வாசனை இன்னும் போகவில்லை.

"இந்த அழுக்குக் கயித்தை ஏன்ப்பா கட் பண்ணல? யக்!" என்றாள் மகள். அவளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. நீ இங்கிருந்து ஊருக்குப் போனபோது கைக்குழந்தை. பெட்டியைக் கொக்கியில் மாட்டினேன். இருபத்தெட்டு கிலோ.

லீவுக்குப் போகிறவன் பெட்டி நிறுக்கும் தராசு இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதில் துப்பாக்கி விசையை நிறுத்தவன் நீ ஒருவன்தான். நாம் வேலை பார்த்த அபுதாபித் துப்பாக்கிக் கடையில் விசை அளக்கும் மானி கெட்டுப்போனதும், ரூமிலிருந்து இதைக் கொண்டுவந்தாய். வேட்டைத் துப்பாக்கியைக் கவ்வியில் நிறுத்தி, ட்ரிக்கரில் வளையத்தை மாட்டி, மெல்ல இழுப்பாய். 'டிக்' என்று விழும்போது எத்தனை கிராம் என்று வாய்விட்டுச் சொல்வாய். திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவன் நீ. கூலர் மெக்கானிக்காக வந்து கடைக்குள் ஒதுங்கியவன் நான். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே மேஜை.

வருகிற அரபிகள் எல்லாருக்கும் ஒரே ஆசை. "கஃபீஃப், கஃபீஃப்" என்று விரலை ஆட்டிக் காட்டுவார்கள். விசை லேசாக வேண்டும். இரும்பைத் தேய்த்து லேசாக்க நீ அரத்தை எடுக்கவே மாட்டாய். பழைய எண்ணெயைக் கழுவித் துடைத்துவிட்டு, ஊசிமுனையில் ஒரு பொட்டு கிரீஸ் வைப்பாய். தராசில் மூன்று தடவை இழுப்பாய். கடைசியாக, வெறும் துப்பாக்கியின் போல்ட்டை மூடி, கட்டையைத் தரையிலிருந்த ரப்பர் பாயில் 'தொப் தொப்'பென்று குத்துவாய். விசை தானாக விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

"நிறுத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு உரல்ல நெல்லு குத்துற மாதிரி குத்துற?" என்று கேலி செய்தேன்.

"தராசு விரலுக்குத்தான் கணக்குச் சொல்லும். கீழ உழுந்தா என்னாகும்னு அதுக்குத் தெரியுமா? சித்த பேசாம இரு" என்றாய்.

அந்த நாள் நீ விசா மெடிக்கலுக்குப் போயிருந்தாய். ஒரு வாடிக்கையாளர் துப்பாக்கியோடு வந்து நின்றார். மேனேஜர் உள்ளறையிலிருந்தே "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்திக் கத்தினார். நான் உட்கார்ந்தேன். ஒரு பொட்டுக்கு விசை லேசாகவில்லை. இன்னொன்று வைத்தேன். பிறகு இன்னொன்று. போதாததற்கு ஸ்ப்ரே எண்ணெயும் அடித்தேன். தராசில் அறுநூறு கிராம் காட்டியது. நீகூட அவ்வளவு இறக்கியதில்லை என்று நெஞ்சு பூரித்துப் போனது. ரப்பர் பாய் பக்கம் நான் போகவேயில்லை. ட்ரிக்கர் வேலை எல்லாம் உன் பெயரில்தான் பதிவாகும் என்பதால், வேலைக் கார்டில் வழக்கம்போல உன் பெயரையே எழுதினேன்.

இரண்டு நாளில் அந்த மனிதர் திரும்பி வந்தார். அவருடைய தோட்டத்தில் வைத்து போல்ட்டை மூடியதுமே வெடித்திருக்கிறது. விசையில் விரலே வைக்கவில்லையாம். குண்டு தண்ணீர்த் தொட்டியைத் துளைத்துப் போயிருக்கிறது. தொட்டி நிழலில் ஆட்டுக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். ஒரு முழம் தள்ளி.

"கிஸ்னே கியா?" என்று மேனேஜர் கார்டைத் தூக்கிக் காட்டினார். யார் செய்தது? நீ என்னைப் பார்த்தாய். அடுத்த வாரம்தான் என் மனைவியும் குழந்தையும் வருவதாக இருந்தது. விசா ஸ்டாம்ப் ஆகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. எனக்கு நாக்கு எழவில்லை. எழவில்லை என்பதும் பொய். எழுப்பவில்லை.

"மைனே கியா" என்றாய். நான்தான் செய்தேன் என்று.

உன் விசாவைக் கேன்சல் செய்தார்கள். ரூமில் உன் பெட்டியை நான்தான் நிறுத்தேன். பதினாறு கிலோகூட வரவில்லை. "நீ எதுக்குச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, ஒத்தக்கட்டை. உம் புள்ள வந்து எறங்குறப்ப ஏர்ப்போர்ட்ல அப்பன் நிக்கோணுமில்ல" என்று சொல்லிவிட்டு, தராசை என் கட்டிலில் போட்டாய். "இதை நீயே வெச்சுக்க. அந்தப் பாயையும் மறந்துறாத."

நான் ஏர்ப்போர்ட்டில் நின்றேன்.

மூன்று வருஷம் கழித்து, நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று உன் தம்பி வாட்ஸப்பில் அனுப்பினான். டூட்டியில் இருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையிலிருந்த வேலையை முடித்தேன். அழுகை வரவில்லை. அன்று மட்டுமில்லை, இதுவரைக்கும் வரவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கடைக்கு வரும் புது ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவன் நான். "கிரீஸை அள்ளி வெச்சு ஒருத்தன் ஆட்டுக்காரனைக் கொல்லப் பார்த்தான், விசா கேன்சலாகி ஊருக்குப் போனான்" என்று உன் பெயரோடுதான் சொல்வேன். கதை நன்றாகப் பதியும். அதற்குப் பிறகு எவனும் பாயில் குத்தாமல் துப்பாக்கியை வெளியே கொடுத்ததில்லை.

தராசை மோந்தது நேற்று. இன்று காலை மேனேஜர் மேஜைமுன் போய் நின்று, அந்த வேலையைச் செய்தது நான் என்று சொன்னேன். எட்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கலாஸ் பாய். வோ தோ மர் கயா" என்றார். முடிந்த கதை தம்பி, அவன்தான் செத்துப்போனானே என்று.

பழைய கார்டுகள் இருக்கும் பெட்டியைத் தேடி அந்தக் கார்டை எடுத்தேன். உன் பெயரை அடித்து, மேலே என் பெயரை எழுதினேன். ஊரில் இறங்கியதும் உன் தம்பியிடமும் சொல்லத்தான் போகிறேன். அவனாவது என்னை அடிக்கட்டும்.  கார்டில் என் பெயர் கோணாமல் நேராகவே விழுந்திருக்கிறது.