இரைச்சலில் மட்டும் பதில் சொன்னவருக்கு

நேற்று சாயங்காலம் கரண்டு போய்விட்டது. மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுக் கமலா ஆரஞ்சு ஒன்றை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். கை சும்மா இருக்குமா? தோலை மடக்கிச் சுடருக்கு நேராகப் பிதுக்கினேன். பொறிப்பொறியாகப் பற்றி அணைந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை, பாதி இனிப்பு, பாதி கருகல். அதற்கு முன்பு அந்த வாசனையை ஒரே ஓர் இடத்தில்தான் மோந்திருக்கிறேன். பெங்களூரில், தரைக்குக் கீழே, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து.

நாம் இருவரும் பாருக்குப் போய்விட்டு வந்தவர்கள் என்பது இந்தத் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. கருவேப்பிலங்குறிச்சியில் உங்கள் அக்காவுக்குத் தெரிந்திருந்தால் அதற்கப்புறம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பாரா? "பையன் வேல செய்யிற எடத்தப் பாத்துட்டு வந்தோம்" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். பொய்யும் இல்லை. அந்தச் சாமர்த்தியம் உங்களுக்கு உண்டு.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். நம் பையன் கொளஞ்சி கேட்டரிங் படித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு ஓட்டலில் சேர்ந்திருந்தான். சாப்பாடு பரிமாறுகிறான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பெண்ணாடத்திலிருந்து என் தம்பி வந்து உட்கார்ந்தான். டீயைக் குடித்து முடித்தான். அப்புறம், "யக்கா, ஒம் புள்ள ஓட்டல்ல இல்ல. பார்ல சரக்கு கலந்து ஊத்திக் குடுக்குறான். எங்கூட்டாளி ஒருத்தன் பாத்துட்டு வந்து சொல்றான்" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பரை வேண்டிப் பெற்று, அவர் பேரையே வைத்த ஒற்றைப் பிள்ளை. ஊரார் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் அப்புறம். நாள் முழுக்கக் குடிக்கிறவர்களுக்கு நடுவில் நிற்கிறவன் எத்தனை நாளைக்குக் குடிக்காமல் இருப்பான்? அந்தக் கோயிலுக்குப் போய், குறையைச் சீட்டில் பிராதாக எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று புடவையே மாற்றிவிட்டேன்.

நீங்கள்தான் தடுத்தீர்கள். "பாக்காம பிராது கட்டுனா எப்பிடி? சாமி வந்து விசாரிச்சா நீ என்னான்னு சொல்லுவ? வா, போயிப் பாப்பம். இருக்கட்டுமா, வரட்டுமான்னு அங்க வச்சி சொல்றேன்."

உங்கள் குணமே அதுதானே. எதையும் கிட்டத்தில் போய்ப் பார்க்காமல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லமாட்டீர்கள். ஊருக்குள் புதிதாக ஒரு மிஷின் வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஆனால் பார்வை மட்டும் அப்படியே இருக்க, பேச்சு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து நான் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. கொளஞ்சி போன் செய்தால் "சரிப்பா, சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி என் கையில் திணித்துவிடுவீர்கள். இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு அலுத்துப்போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கவும் எனக்கு ரோஷம் விடவில்லை. அழுகை வந்தால் வெங்காயம் நறுக்கினேன்.

சேலத்தில் பஸ் மாறிப் பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அவன் தங்கியிருந்த இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம். அவன் முகத்தில் திருட்டு முழியைத் தேடினேன். இல்லை. வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா, வாங்கப்பா! நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க. இன்னிக்கு எங்க எடத்துல பாட்டு இருக்குது, நேரா அங்கயே போலாம்" என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டிலேயே நாலு சாத்தியிருப்பேன். நீங்கள் என் பையை வாங்கிக்கொண்டு அவன் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒரு தையல்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு கதவு. பலகையும் கிடையாது, பேரும் கிடையாது. திறந்தால் படிக்கட்டு கீழே போகிறது. "பொதையல் எடுக்கப் போற மாரி இருக்குது" என்றீர்கள், சுவரைத் தடவிக்கொண்டே இறங்கியபடி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கினேன். கீழே நான் நினைத்துக்கொண்டு போன எதுவும் இல்லை. வாந்தி நாற்றம் இல்லை, விழுந்து கிடக்கும் ஆள் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. தாழ்ந்த செங்கல் கூரை. கொஞ்சம் மேஜைகள், மேஜைக்கு ஒரு சின்ன விளக்கு. பெண்கள்கூட உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருத்திக்கு என் வயது இருக்கும். ஒரு மூலையில் வாத்தியக்காரர்கள் நாலு பேர். நம் ஊர்க் கல்யாண பேண்டில் வாசிக்கும் அதே வளைந்த சாக்ஸபோன், ஒரு பியானோ, டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு ஒரு வயலின். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தர் விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். இந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பேர் என்று கொளஞ்சி சொன்னான்.

நம்மைப் பாட்டில் அடுக்கியிருந்த கவுண்டருக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டு அவன் உள்ளே போய் வேலையைத் தொடங்கினான். நான் அவன் கையையே பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் அவன் வாய் வைக்கிறானா என்று பார்த்தேன் என்பதுதான் நிஜம். நீங்கள் பாட்டிலைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தீர்கள். "இது என்னா பட்டை? இது எந்தப் பழம்?" ஒரு எவர்சில்வர் குவளையில் எதையெதையோ ஊற்றி, ஐஸைப் போட்டு மூடி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினான். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ, இங்க பாரு. நம்ம மில்லேதான்! ஐஸுதான் கல்லு. எப்ப நிறுத்தணும்னு ஒனக்கு எப்பிடிரா தெரியும்?"

"கைக்குத் தெரிஞ்சிடும்ப்பா. டின்னு வெறைச்சிக்கும்."

வாழ்நாளெல்லாம் பால் மில் என்கிற அரவை மிஷினை ஓட்டியவர் வேறு எப்படிப் பார்ப்பீர்கள்? தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைக்கும் கரண்டு பீஸ் கட்டைக்கும் வேண்டிய மண்ணையும் கல்லுப்பொடியையும் தண்ணீரோடும் கூழாங்கல்லோடும் சேர்த்துப் பூட்டி, ஆளைவிடப் பெரிய இரும்பு உருளையை மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் நான் வாசலோடு திரும்பிவிடுவேன். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் உருளும். அங்கே காதருகில் கத்தினாலும் கேட்காது என்பதால் வாயசைவும் கை ஜாடையுமாகத்தான் எல்லோரும் பேசிக்கொள்வீர்கள். பரீட்சை லீவில் அங்கே வேலைக்கு வந்த கொளஞ்சிக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

கொளஞ்சி எனக்கு ஒரு கிளாஸ் கலந்து வைத்தான். கமலா ஆரஞ்சுச் சாறு, இஞ்சி, புதினா, விளிம்பைச் சுற்றி உப்பு. "இதுல அது இல்லியே?" என்றேன். "கொளஞ்சியப்பர் மேல சத்தியமா இல்லம்மா" என்று சொல்லி, ஆரஞ்சுத் தோலைத் தீக்குச்சிக்கு நேராகப் பிதுக்கினான். குபீரென்று ஒரு சின்ன நெருப்பு. நான் பயந்து பின்னால் சாய, பக்கத்து மேஜையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். கோபமாக இருக்கிறேன் என்பதே எனக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. கிளாஸும் நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

வாசிப்பு சூடு பிடித்தது. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு ஏதோ துடைப்பம் போன்ற ஒன்றால் தேய்த்தார், முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் வந்தது. எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் சாவகாசமாக இருந்தீர்கள். அந்த இரைச்சலில் நான் முணுமுணுத்ததற்கெல்லாம் பதில் சொன்னீர்கள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாத மனிதர் இங்கே வாயை மூடாமல் பேசுகிறார்! போதாததற்கு, "பாரு, இப்ப பியானோக்காரரு தனியா வாசிப்பாரு" என்றீர்கள். வாசித்தார். "சாக்ஸபோன்காரரு தலயத் தொட்டுக் காமிக்கிறாரு பாரு, இப்ப நாலு பேரும் ஒண்ணா சேந்துக்குவாங்க." சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பாட்டை எங்கே கேட்டிருப்பீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. தலையை ஆட்டுவது, புருவத்தைத் தூக்குவது என்று அவர்களுக்குள் ஜாடை ஓடுவதை நீங்கள் காட்டிய பிறகுதான் நானும் பார்த்தேன்.

பாட்டு நின்றது. அறையே அமைதியானது. சாக்ஸபோன்காரர் குழலைக் கழற்றித் துடைப்பதை நீங்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதுதான் சமயம் என்று நான் கொளஞ்சியைப் பிடித்தேன். "ஏன்டா எங்ககிட்ட மறச்ச?"

அவன் திகைத்துப்போனான். "எங்கம்மா மறச்சேன்? பொங்கலுக்கு முன்னாடியே அப்பாகிட்ட போன்ல சொன்னனே. ஓட்டல வுட்டுட்டு பார்ல சேரப் போறேன், ஒங்களுக்குச் சம்மதமாப்பான்னு கேட்டேன். சரிப்பான்னாரு. அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கன்னேன். அதுக்கும் சரின்னாரே?"

உங்களைப் பார்த்தேன். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் திரும்பவில்லை. "என்னாங்க" என்றேன். இன்னும் சத்தமாக "என்னாங்க!" என்றேன். முன்மேஜையிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் அந்தக் குழலைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரைச்சலில் என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள். அமைதியில் முகம் திரும்பியிருந்தது.

தோளைத் தொட்டேன். திரும்பி எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தீர்கள். மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "மில்லு தின்னுடுச்சி" என்று காதைத் தொட்டுக் காட்டினீர்கள். "ரொம்ப நாளாச்சி."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னாங்க?"

"சொன்னா நீ கத்திப் பேச ஆரம்பிப்ப. நீ மெதுவாப் பேசறதே பக்கத்து வூட்டுக்குக் கேக்குது."

சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. பதில் வராத அத்தனை கேள்விகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நான் உங்களுக்கு அலுத்துப்போகவில்லை. அந்த நினைப்பு வந்ததும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். உங்கள் மேல் அத்தனை ஆத்திரமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஒருத்தியைத் தனியாகப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

கொளஞ்சியின் முகம்தான் செத்துப்போயிற்று. அப்பா சரி சொன்னார் என்ற தெம்பில் நின்றுகொண்டிருந்த பிள்ளை. அவர் காதில் அது விழவே இல்லை என்று இப்போது ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் வாசிப்பு மறுபடி தொடங்கிவிட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நகர்ந்து உங்களுக்கு நேர் எதிரில் வந்து நின்றான். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். குரலே எழுப்பாமல், மில்லில் பேசுகிற மாதிரி, வாயை மட்டும் அசைத்தான். எனக்கே அது புரிந்தது. "இங்கயே இருக்கட்டுமாப்பா?"

நீங்கள் பாட்டில்களைப் பார்த்தீர்கள், அந்த எவர்சில்வர் குவளையைப் பார்த்தீர்கள், அவன் கண்ணைப் பார்த்தீர்கள். ஆள்காட்டி விரலைத் தூக்கி வட்டமாகச் சுற்றினீர்கள். மில்லில் அதற்கு 'ஓடட்டும், நிறுத்தாதே' என்று அர்த்தம் என்று அப்புறம் சொன்னீர்கள். அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி, நீங்களும் குரலில்லாமல், "ஒனக்கு?" என்று கேட்டீர்கள். நம் கல்யாணத்துக்கு மஞ்சள் புடவையா பச்சைப் புடவையா என்பதுகூட என்னைக் கேட்டு நடக்கவில்லை. நானும் விரலைச் சுற்றினேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேனாம். "நீ மில்லப் பின்னால ஓட்டுறியே" என்று சேலம் வருகிறவரை பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

பிள்ளை கெட்டுப்போகவில்லை. இப்போது சொந்தமாகவே ஓர் இடம் நடத்துகிறான். தான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை என்கிறான். நம்புகிறேன், தாய்தானே.

எனக்குத்தான் அதற்கப்புறம் ஒரு புதுப் பேச்சு கிடைத்தது. மில் பாஷையை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்பதிலிருந்து பெண்ணின் மாமியார் உடுத்தியிருக்கும் புடவைவரை சத்தமில்லாமல் பேசித் தீர்த்தோம். கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்திருந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்ததைச் சொன்னேன், கொளஞ்சி வந்துகொண்டிருப்பதைச் சொன்னேன், பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடித் திறந்தீர்கள். நர்ஸம்மா என்னை ஒரு தடவைகூட அதட்டவில்லை, சத்தம் போட்டால்தானே.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் போன வாரம் மதில்மேல் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள். "யக்கா, நானும் பாக்குறேன், எப்பவும் வாய் அசைஞ்சிக்கிட்டே இருக்குது. என்னா மந்திரம் சொல்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். நீங்கள் போன பிறகும் விடாத பழக்கம், குழம்பில் புளி கூடிவிட்டது என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"ஒரே ஆளு மொகத்தப் பாத்து ரொம்ப வருசம் சொல்லணும்மா. அப்பதான் வரும்" என்றேன்.

"அய்யோ, அவ்வளோ கஷ்டமா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.